தோல்வாரின் மறுமுனை

மகனே,

தொலைபேசியில் பேசினால் நீ இடையில் பேசுவாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, உனக்குச் சளி பிடித்திருக்கிறதா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டு முடித்துவிடுவேன். ஆகவே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். அதன் பிறகு கற்ற எழுத்தையெல்லாம் படாளத்து ஊர் நூலகத்தில் ஒருவர் துணையுமின்றி நானே தேடிக் கற்றேன் என்பதில் எனக்கு இன்றளவும் பெருமை உண்டு. அந்தப் பெருமையின் காரணமாகவோ என்னவோ, எழுத்தில் பொய் சொல்ல எனக்கு வருவதில்லை. பேச்சில் வந்துவிட்டது. நான்கு மாதங்களாக, ஞாயிறுதோறும், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

தீபாவளிக்கு வருவதாக இருந்த நீ, போன வாரம் அதைப் பொங்கலுக்குத் தள்ளிவைத்தாய். "அப்பாதான் நல்லாயிட்டாரே மா, அவரே ஷேவ் பண்ணிக்கிறாரு. இங்க புது ப்ராஜெக்ட்டு. பொங்கலுக்குப் பத்து நாள் சேர்த்து வரேன்" என்றாய். நீ சொன்னதில் பிழை எதுவும் இல்லை. நீ கண்டதை நம்பினாய். காணக் கொடுத்தவள் நான். மழமழவென்றிருந்த உன் அப்பாவின் முகத்தை வழித்தது அவருடைய கை அன்று, மகனே, என்னுடைய கை.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். மாசி மாதம் அவருக்கு வாதம் வந்தபோது நீ ஓடி வந்து பன்னிரண்டு நாள் இருந்தாய். வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சும் போய், 'ஆமா' என்ற ஒரே சொல் மட்டும் மிஞ்சியது. வேண்டும் என்றாலும் ஆமா, வேண்டாம் என்றாலும் ஆமா. நீ இருந்த நாட்களில் அது நமக்குச் சற்றே வேடிக்கையாகக்கூட இருந்தது. நீ போன பிறகுதான், ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஒரு நாளை எப்படிக் கடத்துவார் என்பதை அருகிலிருந்து பார்க்க நேர்ந்தது. அவருடைய கருத்தை அறிய இடக்கை ஒன்றுதான் வழி. பிடித்தால் பற்றிக்கொள்வார், பிடிக்காவிட்டால் தள்ளிவிடுவார். அந்தக் கை பொய் சொன்னதில்லை.

அவருடைய சவரக்கத்தியை உனக்கு நினைவிருக்கும். மாமல்லபுரத்து விடுதியில் அவர் மேலாளராகச் சேர்ந்த புதிதில், மூன்று மாதம் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் அறையிலேயே விட்டுப் போன கத்தி அது. கூடவே, அதைத் தீட்டும் தோல்வாரும். ஓராண்டு அதைப் பூட்டி வைத்து, உடையவர் திரும்பி வரவில்லை என்று உறுதியான பிறகே எடுத்தார். அன்றிலிருந்து, சதுரங்கப்பட்டினத்தில் காலை ஆறரை மணிப் பேருந்தைப் பிடிக்குமுன், ஒருநாள் தவறாமல் வழித்துக்கொண்டு போனவர். வெள்ளிக்கிழமை வீட்டில் கத்தியை எடுக்கக் கூடாது என்று நான் எத்தனை சண்டை போட்டிருப்பேன். "ரூமுக்கு வர்றவன் வெள்ளிக்கெழம பாத்தா வரான்? மூஞ்சி வழிக்காம சாவி குடுத்தா, மெத்தையில மூட்டப்பூச்சி கீதுன்னு நெனச்சிக்குவான்" என்பார். அந்தச் சண்டையில் நான் ஒருமுறையும் வென்றதில்லை.

வாதம் வந்த பிறகு, முகத்தைப் பற்றி நினைக்க எனக்கு நேரமிருக்கவில்லை. குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் மாத்திரையுமாக நாள் ஓடியது; தாடி தானாக வளர்ந்தது. ஒருநாள், வழக்கமாக மீன் கொண்டுவரும் அம்மாள் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "இன்னாக்கா, வூட்ல யாராச்சும் தவறிட்டாங்களா? ஒரு வார்த்த சொல்லவே இல்லியே." நம் பக்கத்தில் வழிக்காத முகத்துக்கு அந்த ஒரு பொருள்தானே. நான் வாயைத் திறக்குமுன் அவர் பதில் சொன்னார்: "ஆமா." அந்த அம்மாள் உச்சுக்கொட்டிவிட்டு, அன்றைக்கு மீன் விற்காமலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவர் இடக்கையால் தம் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். அன்று நான் அடுப்பு மூட்டவில்லை.

நீ அனுப்பிய சவர மெஷினை மறுநாளே எடுத்தேன். அது இரைந்த உடனே உள்ளங்கையால் மோவாயை மூடிக்கொண்டார். மூன்று நாள் முயன்றேன். மூன்று நாளும் அப்படியே. பிறகு பேருந்து நிறுத்தத்தில் சலூன் வைத்திருக்கும் முனிரத்தினத்தை வரவழைத்தேன். நல்ல மனிதர்தான், ஆனால் வாய் ஓயாது. "இன்னா அண்ணாத்த, மாப்ள கோலத்துல கீற! இனிமே உனுக்கு இன்னா, ஆபீஸா கச்சேரியா, யாரு பாக்கப் போறாங்கோ? மாசத்துக்கு ஒரு தபா வழிச்சிகினா போதும்" என்று சொல்லிக்கொண்டே துண்டைப் போர்த்தினார். உன் அப்பா அந்தத் துண்டைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார். சன்னலோரத்து ஆணியில் தொங்கிய தோல்வாரை இடக்கையால் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். முனிரத்தினம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே உன்னிடம் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய பழைய தவறு ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. பதினொன்றாம் வகுப்பில் நீ அந்தக் கத்தியைத் திருட்டுத்தனமாக எடுத்து, உன் பள்ளிக்கூட பெல்ட்டில் தீட்டி, மோவாயைக் கீறிக்கொண்டு ரத்தத்தோடு வந்து நின்றாய். நான் உன்னை அறைந்தேன். அவர், "வுடுடி, நைனாக்கு நானே சொல்லிக் குடுக்கறேன். கத்தி இன்னா பாம்பா?" என்றார். "இவன் படிக்கிற பிள்ளை, இதெல்லாம் இவனுக்கு எதற்கு" என்று நான்தான் தடுத்தேன். மறுநாள் உனக்கு வெட்டாத ரேசர் ஒன்றை நானே வாங்கி வந்தேன். அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், பன்னிரண்டு நாள் நீ இங்கிருந்தபோது அவர் முகத்தை வழித்துவிட்டிருப்பாய்; எனக்கும் இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பாய். கற்றுக்கொடுக்கும் வாய் இருந்தபோது கேட்க விடாமல் செய்தேன். கேட்க நான் ஆயத்தமானபோது அந்த வாயில் ஒரு சொல்தான் இருந்தது.

ஆனாலும் நான் யாரையும் கேட்டுக் கற்றவள் இல்லையே. தையலைப் புத்தகம் பார்த்துக் கற்றேன். ஸ்கூட்டரைக் கோட்டை மைதானத்தில் விழுந்து எழுந்து கற்றேன். இதையும் கற்றுவிடலாம் என்று எண்ணி, கைப்பேசியில் ஒரு படம் பார்த்தேன். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார்கள். பாதி புரிந்தது, மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். தோல்வாரின் ஒரு முனையில் கொக்கி உண்டு. அதைச் சன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையைக் கையில் பிடித்து இழுத்து, கத்தியை அதன் மேல் ஓட்ட வேண்டும். அடுப்படிக் கத்தியைக் கல்லில் தேய்த்தே பழகிய கை எனக்கு. கூர்ப்பக்கத்தை முன்னே விட்டு அழுத்தித் தேய்த்தேன். பக்கத்து நாற்காலியிலிருந்து அவர், "ஆமா, ஆமா" என்றார். சரியாகச் செய்கிறேன் போலும் என்று மகிழ்ந்து இன்னும் அழுத்தினேன். "ஆமா! ஆமா!" என்று அவர் குரல் உயர உயர, என் கையும் விரைந்தது. முப்பது ஆண்டுகள் ஒரு மனிதரோடு வாழ்ந்தவள், அவர் அலறுவதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் அவர் எட்டி என் கையிலிருந்த தோல்வாரைப் பறித்தபோதுதான் பார்த்தேன். தோல் நான்கு இடங்களில் வெட்டுப்பட்டிருந்தது.

அவர் கண் கலங்கியதா என்று கேட்காதே. நான் பார்க்கவில்லை, குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை கத்தியை ஒரு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு முனிரத்தினத்தின் கடைக்குப் போனேன். உன் அம்மா அப்படி ஒருவரிடம் கேட்டுக் கற்கப் போனவள் அல்லள் என்பதை நீ அறிவாய். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னா அண்ணி, செல்லுல பாத்து சாம்பார் வைக்கலாம், கத்தி தீட்ட முடியுமா? ரம்பம் மாரி கீது பாரு. இத்த வச்சி வழிச்சிருந்தா அண்ணாத்த மூஞ்சில ரோடு போட்டிருப்பே" என்றார். சிதைந்த கூர்முனையைத் தோலால் மீட்க முடியாது, கல்தான் வேண்டும் என்று சொல்லி, சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து, இரண்டு வாடிக்கையாளர்களைக் காக்க வைத்துவிட்டுத் தேய்த்துக் கொடுத்தார். "வெயிட்டு குடுக்காத அண்ணி. கத்தி படுத்துகினு போவணும். முதுகு முன்னால, கூரு பின்னால. திருப்பும்போது முதுகுமேல பொரட்டு, வவுத்துமேல பொரட்டாத. அவ்ளோதான், இதுக்கு இன்னா காலேஜா?" என்றார். நான் வீடு வந்து அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்தக் குறிப்பேட்டில் இருப்பதை உனக்கும் எழுதிவைக்கிறேன், ஒருநாள் தேவைப்படும். சவரத்துக்கு முன் தோல்வாரை உள்ளங்கையால் பலமுறை தேய்த்துச் சூடாக்கு. ஈரம் படாமல் பார்த்துக்கொள். பட்டால் வெயிலில் போடாதே, நிழலில் உலரட்டும். வழித்து முடித்ததும் கத்தியை மெல்லிய துணியால் முதுகிலிருந்து கூர்ப்பக்கத்தை நோக்கி ஒற்றி எடு; குறுக்கே துடைத்தால் துணியும் போகும், விரலும் போகும். நம் ஊரின் உப்புக்காற்று ஒரே இரவில் இரும்பைத் தின்றுவிடும். தேங்காய் எண்ணெய் பிசுக்கென்று ஒட்டிக்கொள்கிறது. தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயில் ஒரு சொட்டே போதும். இதையெல்லாம் அவர் தினமும் என் கண்ணெதிரே செய்தார். முப்பது ஆண்டுகள் நான் அடுப்படியில் நின்றுகொண்டு, நேரமாகிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இழுவை எவ்வளவு இருக்க வேண்டும் என்பது மட்டும் குறிப்பேட்டில் இல்லை. அதை முனிரத்தினமும் சொல்லவில்லை, படத்திலும் எனக்குப் புரியவில்லை. தோல் தொய்ந்தால் கத்தி போகும் வழியில் தோல் மேலெழும்பிக் கூர்முனையை மடக்கிவிடும். இதை எனக்குச் சொன்னது உன் அப்பாவின் இடக்கை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் தோல்வாரின் மறுமுனையை என்னிடம் விடுவதில்லை, தாமே பிடித்துக்கொள்வார். கத்தி சரியாகப் படுத்துச் சென்றால் தோல் விறைப்பாக இருக்கும். நான் அழுத்தினாலோ, திருப்பும்போது பிசகினாலோ, உடனே தளர்த்திவிடுவார். ஓட்ட முடியாமல் நின்றுவிடுவேன். மீண்டும் இழுப்பார், மீண்டும் தொடங்குவேன். வாய் 'ஆமா' என்று எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்; நான் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். எங்கள் திருமண வாழ்வில் அவர் சொன்னதை நான் மறுபேச்சின்றிக் கேட்ட ஒரே காலம் அதுதான்.

முகத்தில் வைக்குமுன், கடற்கரைக் கடையில் ஒரு பாக்கெட் பலூன் வாங்கி ஊதி, சோப்பு நுரை பூசி வழித்துப் பழகினேன். முதல் பலூன் வெடித்து, என் கண்ணாடி முழுவதும் நுரையாயிற்று. உன் அப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் சிரிப்பு நேராகவே வந்தது. ஒன்பதாவது பலூன் முழுதாகத் தப்பியது. அதற்கு அடுத்த ஞாயிறு காலை அவருடைய இடக் கன்னத்தில் முதன்முதலாகக் கத்தியை வைத்தேன். காதோரத்தில் ஒரு சிறு கீறல் விழுந்தது, படிகாரம் வைத்தேன். அவர் அசையவில்லை. முடித்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டியபோது வெகுநேரம் பார்த்தார். பிறகு மணி பார்க்கச் சுவர்க் கடிகாரத்தைத் தேடினார். ஆறரைப் பேருந்தை நினைத்திருக்க வேண்டும்.

அன்றுதான் நீ வீடியோவில் வந்து துள்ளினாய். "அப்பா! செம்மயா இருக்கே! யாரு பண்ணது, நீயேவா?" என்றாய். அவர், "ஆமா" என்றார். அந்த நொடியில் நான், இல்லை, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். உன் கண்ணுக்குக் கீழே கருமை இருந்தது. நீ சிரித்து நான் மாதக்கணக்கில் பார்த்திருக்கவில்லை. அதோடு, அவருடைய முகத்தை இன்னொருவர் வழித்தார் என்று அவர் எதிரில் சொல்ல எனக்கு நா எழவில்லை. "அவரேதாம்பா, இடது கையால பழகிட்டாரு" என்றேன். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று நீ யாரிடமோ திரும்பிச் சொன்னாய். அடுத்த வாரம் படம் கேட்டாய். மடக்கிய கத்தியை அவருடைய இடக்கையில் கொடுத்து, கன்னத்தருகே உயர்த்திப் பிடித்து, நான் சட்டகத்துக்கு வெளியே விலகிப் படமெடுத்து அனுப்பினேன். அதை நீ நண்பர்களுக்கெல்லாம் காட்டியதாகச் சொன்னாய். படமெடுக்கும்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை அந்தப் படத்தில் நீயே காணலாம். கேமராவைப் பார்ப்பதாக நீ நினைத்திருப்பாய்.

பொய்க்கும் பராமரிப்பு வேண்டியிருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நீ வருமுன் முகம் தயாராக இருக்க வேண்டும் என்று ஐந்தரைக்கே எழுந்து வெந்நீர் வைத்தேன். நாளுக்கு நாள் என் கை தேறியது. கீறல் விழுவது நின்றது. நான் தேறியதையெல்லாம் அவர் தேறியதாக நீ எடுத்துக்கொண்டாய்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கடினம். மூன்று வாரங்களுக்கு முன், தீட்டிக்கொண்டிருக்கும்போது தோல் தொய்ந்தது. நான் அழுத்திவிட்டேன் போலும் என்று இலேசாக ஓட்டினேன், அப்போதும் தொய்ந்தது. என்ன பிழை என்று புரியாமல் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏதோ கோபம் என்று நினைத்து, "இன்னைக்கு என்னங்க ஒத்துழைக்க மாட்டேங்கறீங்க" என்று கடிந்துகூடக் கொண்டேன். அடுத்த ஞாயிறும் அப்படியே. புதன்கிழமை காப்பித் தம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனேன். இன்னொரு சிறிய தாக்குதல் வந்து போயிருக்கிறது என்றார் மருத்துவர். இடப்பக்கமும் தளர்கிறது, விழுங்குவதிலும் சிரமம் தொடங்கிவிட்டது என்றார். மருந்தை மாற்றினார். வெளியே வரும்போது, "பையன் வெளியூரா? வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்கம்மா" என்றார். எப்போது என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியின் சீட்டை எடுத்துக்கொண்டு, "சீக்கிரம்" என்றார். அதற்குப் பிந்திய ஞாயிறன்றுதான் நீ பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாய். நான் தலையாட்டினேன். அவர், "ஆமா" என்றார்.

மகனே, உனக்கு அறிவுரை எழுத வேண்டும் என்றுதான் தாளை எடுத்தேன். நான்கு வயதிலிருந்து உனக்குச் சொல்லி வந்தவள் அல்லவா. இப்போது சொல்ல என்னிடம் ஏதும் இல்லை. எதையும் முயன்றால் கற்றுவிடலாம் என்று உன்னிடம் ஓயாமல் சொல்லியிருக்கிறேன். சவரம் கற்றேன். அவர் கை தளர்வதை நிறுத்த எந்தப் புத்தகத்திலும் வழி காணேன். நாளுக்கு இருபது முறை அவர் விரல்களை நீவிவிடுகிறேன். அது என் மன ஆறுதலுக்குச் செய்வது என்று எனக்கே தெரியும்.

இந்த ஞாயிறு அவரை வழிக்காமல் விட்டுவிட முடிவு செய்தேன். தாடியோடு பார்த்தால் உனக்குப் புரிந்துவிடும், நான் வாய் திறக்க வேண்டியிருக்காது என்று கணக்கிட்டேன். இன்று காலை அதை அவரிடமும் சொன்னேன்; மகனுக்கு உண்மை தெரியட்டும் என்றேன். அவர், "ஆமா" என்றார். ஆனால் இடக்கையை, மிக மெதுவாக, பாதி தூரம்வரை, தோல்வார் தொங்கும் ஆணியை நோக்கி உயர்த்தினார். அது அங்கேயே நடுங்கி நின்று, மடியில் விழுந்தது. இன்று ஞாயிறு இல்லை; ஆனாலும் நான் வெந்நீர் வைக்கப் போனேன். வேறு என்ன செய்வேன், சொல்.

ஆகவே, ஞாயிறன்றும் அவர் முகம் மழமழவென்றுதான் இருக்கும். அந்த முகத்தை நம்பாதே. தோல்வாரை நானே இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். சன்னலில் இன்னொரு கம்பி இருக்கிறது. கட்டவில்லை. மறுமுனையை இப்போதும் அவர் கையில்தான் கொடுக்கிறேன்; என் விரல்களை அவர் விரல்களின் மேல் வைத்து மூடிக்கொள்கிறேன். கத்தி முன்போல் கூர் ஏறுவதில்லை. அதனால் மூன்று முறை நுரை பூசி, சிறிது சிறிதாக வழிக்கிறேன்.

இந்தத் தாள்களைப் படமெடுத்து இன்றே உனக்கு அனுப்புகிறேன். ஞாயிறு நீ அழைக்கும்போது கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடிக்க மாட்டேன். சன்னல் பக்கம் வைத்துவிட்டுத் தோல்வாரை அவரிடம் கொடுத்து, என் கையை எடுத்துவிடுவேன். நீ அவர் கையை மட்டும் பார். பார்த்த பிறகு என்னைத் திட்டுவதானால் திட்டு. அவரிடம் ஒன்றும் கேட்காதே, ஆமா என்றுதான் சொல்வார். கேட்காமல் பயணச்சீட்டை எடு.

இங்ஙனம்,
உன் அம்மா